இருட்டில் விட்ட முகம்

புத்தக அட்டையில் ஒரு பெயரா, இரண்டு பெயரா? போன வாரம் முழுக்க இந்தக் கேள்வி அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. முடிவு வரவில்லை. ஆளாளுக்குத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு அச்சகத்தில் பிளேட் போடுகிறார்கள். அதற்குப் பிறகு பெயர் சேர்க்கக் கேட்பது, பஸ் போன பிறகு கை காட்டுவது மாதிரி.

மகள் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து மூன்று வயது. அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை. ஒரு படம் இம்மி நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அங்கே அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அவள் காதுபடச் சொல்ல மாட்டார்கள். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

திரையில் ‘ஒற்றைச் சிறகன்’ தொகுப்பு. நானூறு பக்கம்.

ஒரே ஒரு கறுப்புச் சிறகோடு பறக்கிற அந்த நாயகனின் படக்கதை முப்பது வருடம் வந்தது. பென்சிலில் வரைந்தவர் அப்பா. அந்தப் பென்சில் கோடுகளின் மேல் பிரஷ்ஷால் மை போட்டு முடித்தவர் சித்தப்பா. அச்சில் பென்சில் தெரியாது. கண்ணில் படுகிற ஒவ்வொரு கோடும் சித்தப்பா இழுத்தது. அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்தது அப்பா. புத்தகத்தில் மட்டும் எப்போதும் அப்பாவின் பெயர்தான்.

அப்பா கீழ் வீட்டில். சித்தப்பா மாடியில். இருவரும் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

பேசாமலேயே அதில் பதினொரு வருடம் சேர்ந்து வேலையும் பார்த்தார்கள். பென்சில் பக்கங்கள் அம்மா கையில் மேலே போகும். மை போட்ட பக்கங்கள் அம்மா கையில் கீழே வரும். அப்பாவுக்குத் தம்பி என்பவர் ‘மேல இருக்கிறவன்’. சித்தப்பாவுக்கு அண்ணன் என்பவர் ‘கீழ இருக்கிறவர்’. தன் முழங்கால் தேய்ந்ததற்கு வயது காரணமில்லை, இந்த இரண்டு பேர்தான் காரணம் என்று அம்மா மருத்துவரிடமே சொல்லியிருக்கிறாள்.

அட்டையில் மாற்றம் என்றால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். புதிதாகச் சேர்கிற பெயருக்குரியவரும் போட வேண்டும். பதிப்பாளரின் விதி அது. போன வாரம் மகள் இருவரிடமும் கேட்டாள். என் பக்கத்தைக் கெடுத்தவனுக்கு அட்டையில் இடமா என்று அப்பா தட்டை நகர்த்தி வைத்தார். பிச்சையாகப் போடுகிற பெயர் வேண்டாம் என்று சித்தப்பா கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கெட்டுப்போன பக்கம்தான் நூற்றுப் பதினேழு.

அதுதான் தொகுப்பிலேயே புகழ் பெற்ற பக்கமும்.

*

காலையில் முன்னுரை வந்து சேர்ந்தது. எழுதியவர் ஒரு பல் டாக்டர். பதினாலு வயதிலிருந்து சிறகன் பைத்தியம். அவருடைய கிளினிக்கில் காத்திருக்கிறவர்களுக்குச் செய்தித்தாள் கிடையாது, சிறகன் பழைய இதழ்கள்தான். பல் வலி மறந்து போய், முறை வந்தும் எழுந்து வராத நோயாளிகள் உண்டு.

மகள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். எழுபத்தாறு வயது அப்பா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறாரா, கேட்கிறாரா என்று தெரியவில்லை.

“சிறகனுக்கு ஒரு சிறகுதான். அதனால் பறக்கும்போது மட்டுமல்ல, சும்மா நிற்கும்போதும் அவனுடைய இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் விளிம்பில்தான் உட்காருவான். படியிறங்கும்போது சுவரோரமாக இறங்குவான். நானூறு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட ஓவியர் இதை மறக்கவில்லை. மற்ற நாயகர்கள் வானத்தில் மிதக்கிறார்கள். இவன் விழாமல் இருக்கப் பாடுபடுகிறான்.”

அப்பாவின் இடது தோள் லேசாக அசைந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வில்லன்களின் பற்களை எல்லாம் எண்ணிப் பார்த்ததாகவும், ஒருவனுக்குக்கூட முப்பத்திரண்டைத் தாண்டவில்லை என்றும், படக்கதை உலகில் இது அபூர்வம் என்றும் டாக்டர் எழுதியிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அடுத்து நூற்றுப் பதினேழு வந்தது.

பக்கம் முழுக்க ஒரே படம். வெள்ளம் வந்த ஊர். சிறகன் பாலத்துக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் முழங்கால் மடங்கி உட்கார்ந்திருக்கிறான். நனைந்த சிறகு ஈரத்துணி மாதிரி தண்ணீர் வரை தொங்குகிறது. பாலத்து விளக்கின் வெளிச்சம் சிறகில் விழுகிறது, விரல் முட்டிகளில் விழுகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. வசனம் ஒன்றும் இல்லை.

“அத்தனை வலியையும் காட்டக் கிடைத்த இடத்தில் முகத்தையே வரையாமல் விடுகிற துணிச்சல்...”

“அதை விட்டுட்டு மேல படி,” என்றார் அப்பா.

“இதைப் பத்தித்தாம்ப்பா நாலு பக்கம் எழுதியிருக்கார்.”

“அப்ப நாலு பக்கத்தையும் விட்டுடு.”

எழுந்து கை கழுவப் போய்விட்டார். கையில் ஒன்றும் இல்லை.

மகளுக்கு அலுப்பாக இருந்தது. அந்தப் பக்கத்துக்கு எதிரே அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தாள். அப்பா நான்கு வரி சொல்வார், போடலாம் என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். மூன்று வாரமாக அது காலியாகவே இருக்கிறது. அதற்காகத்தான் பல் டாக்டரே பதினொரு மணிக்கு நேரில் வருகிறார், பேச வைத்துவிடலாம் என்று.

அவர் வருவதற்குள் பக்கத்தைக் கடைசியாக ஒரு முறை சுத்தம் செய்துவிடலாம் என்று திரையில் பெரிதாக்கினாள். இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு. சிறகின் ஒவ்வோர் இழையும் கத்தியால் வெட்டியது போல் நின்றது. முகத்துக்கு வந்தாள். கறுப்பின் விளிம்பில் மை பிசிறு பிசிறாகப் பரவியிருந்தது.

நானூறு பக்கத்தில் சித்தப்பாவின் மை வேறெங்கும் பரவவில்லை. அவளுக்குத் தெரியும், எல்லாப் பக்கத்தையும் அவள்தான் ஸ்கேன் செய்தாள்.

இதைத் துடைத்து நேராக்க இரண்டு நிமிட வேலை. கை அதற்குப் போகவில்லை. அலமாரியிலிருந்து அசல் பக்கத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

*

சித்தப்பாவுக்கு எழுபத்தொன்று. சித்தி போன பிறகு மாடியில் தனி ஆள். சிறகன் நின்ற பிறகு ஒரு கடிகாரக் கம்பெனிக்காக முகப்புத் தட்டுகளில் எண் எழுதுகிறார். அவர் மேசையில் முள் இல்லாத கடிகார முகங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வலது கண்ணில், கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்துக்கொள்கிற உருப்பெருக்கிக் குப்பி. நிமிராமலேயே, பெயர் விஷயம் என்றால் வந்த வழியே போகலாம் என்றார்.

பெயர் விஷயம் இல்லை என்றாள் மகள். “இந்த ஓரத்தில உங்க மை பரவியிருக்கு, சித்தப்பா.”

பிரஷ் நின்றது.

“என் மை பரவாது.”

“எட்டு மடங்கு பெரிசாக்கிப் பார்த்தேன்.”

“எண்பது மடங்கு ஆக்கு. என் மை பரவாது.”

அவள் பக்கத்தை மேசையில் வைத்தாள். நூற்றுப் பதினேழு என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. ஆனால் தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் குப்பியோடு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இது மையோட தப்பு இல்ல,” என்றார். “தாளோட தப்பு. தொட்டுப் பார்.”

தொட்டாள். சுற்றிலும் தாள் வழவழவென்று இருந்தது. முகத்தில் மட்டும் விரலுக்குக் கம்பளி மாதிரி பட்டது. அத்தனை மைக்கு அடியிலும், இத்தனை வருடம் கழித்தும்.

“ரப்பர் போட்டே தாளோட தோலை உரிச்சுட்டார். எட்டு தடவையாவது வரைஞ்சு அழிச்சிருப்பார். பஞ்சாப் போன தாள்ல யார் மை போட்டாலும் பரவத்தான் செய்யும்.”

பிறகு அவராகவே சொன்னார். மை பரவியது என்ற பழியைத் துடைக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை.

அண்ணன் தம்பிக்குள் அப்போது ஒரு விதி இருந்தது. வேலையை முடித்துவிட்டுத் தூங்குகிறவரை மற்றவர் எழுப்பக் கூடாது. வீடே இடிந்தாலும் கூடாது. விதி போட்டது அப்பா. அன்று காலை ஐந்து மணிக்குச் சித்தப்பா எழுந்து பார்த்தபோது பக்கம் வாசலில் இருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு அச்சகத்து ஆள் வந்துவிடுவான். பாலம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சிறகு இருக்கிறது. முகம் இல்லை. முகத்தின் இடத்தில் ரப்பர் தேய்த்த அழுக்கு.

அதற்கு முந்தைய வாரம் டீ குடிக்கும்போது சித்தப்பா ஒரு வார்த்தை விட்டிருந்தார். அண்ணனுக்கு இப்போதெல்லாம் எல்லா முகமும் ஒன்று போலவே வருகிறது என்று. விளையாட்டாகச் சொன்னது. அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

“வாய் சும்மா இருக்காம சொன்ன ஒரு வார்த்தை. அதை அவர் ராத்திரி பூரா தாள்ல தேய்ச்சிருக்கார்.”

நீங்களே ஒரு முகம் போட்டிருக்கலாமே என்றாள் மகள்.

“போடலாம். ஆயிரம் தடவை மை போட்ட முகம், தூக்கத்துலகூடப் போடுவேன். ஆனா அது என் கையா இருக்கும். அவருக்கு வராதது எனக்கு வந்துச்சுன்னு ஊருக்குக் காட்டவா?” பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினார். “அதான் இருட்டா விட்டேன். இருட்டுக்கு யார் கைன்னு கிடையாது.”

இதை ஏன் சொல்லவே இல்லை என்று மகள் கேட்டாள்.

அவர் தோளைக் குலுக்கினார். அண்ணனுக்கே புரியும் என்று நினைத்தாராம். அழித்தவருக்குத் தெரியாதா, தாள் எப்படி இருந்தது என்று? அண்ணன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்குள் வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. அந்தப் பக்கத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். அண்ணன் மேடையேறி வாங்கிக்கொண்டார். தம்பி பெயரை ஒரு தடவை சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் சித்தப்பா உட்கார்ந்து கைதட்டினார்.

“அதுக்கப்புறம் எனக்குச் சொல்லப் பிடிக்கல. கீழ போய் உளறாதே.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பக்கத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

*

கீழே பல் டாக்டர் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. முப்பத்து மூன்று வயது. ஆனாலும் அப்பாவுக்கு எதிரில் கை கட்டாத குறையாக உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதுவரை ஆம், இல்லை, இருக்கலாம் என்ற மூன்று சொல்லைத் தாண்டவில்லை.

முகத்தை இருட்டில் விடலாம் என்று எப்போது முடிவு செய்தீர்கள் என்று டாக்டர் மறுபடி கேட்டார்.

“அது மேல இருக்கிறவன் முடிவு,” என்றார் அப்பா.

டாக்டர் பக்தியோடு தலையாட்டினார். கலைஞர்கள் எல்லோரும் கடைசியில் இதையேதான் சொல்கிறார்கள் என்றார். அம்மா டம்ளரை எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் அசல் பக்கத்தை அப்பாவின் மடியில் வைத்தாள். டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். அச்சில் மட்டுமே பார்த்தது, அசல் இவ்வளவு பெரிதா என்று முணுமுணுத்தார்.

“அப்பா, இந்த இடத்தில தாள் பஞ்சாயிருக்கு. எட்டு தடவையாவது அழிச்சிருப்பீங்கன்னு சித்தப்பா சொல்றார்.”

அப்பா பக்கத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். பிறகு மாடியை. பிறகு மறுபடி அவளை.

“அவனுக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே தெரியுமாம். நீங்க தூங்கிட்டிருந்தீங்களாம். அவருக்கு வராததை நான் வரைஞ்சு காட்டவான்னு கேட்கிறார். அதனாலதான் இருட்டா விட்டாராம்.”

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பதிவை நிறுத்தத் தோன்றியது. நிறுத்தினார்.

அப்பாவின் விரல் தானாக அந்தக் கறுப்பின் மேல் போய் நின்றது.

“எட்டு இல்ல,” என்றார். “பதினொண்ணு.”

பிறகு அப்பா டாக்டர் பக்கம் திரும்பி, களைத்த குரலில், பஸ் தாமதமானதைச் சொல்வது போலச் சொன்னார். முகத்தை அவர் வேண்டுமென்று விடவில்லை. அவருக்கு வரவில்லை. எது வரைந்தாலும் தம்பி சொன்ன மாதிரி பழைய முகமாகவே வந்தது. காலையில் தெளிவாக எழுந்து வரையலாம் என்று வாசலில் வைத்துவிட்டுப் படுத்தார். தம்பிக்கு ஒரு சீட்டு எழுதி வைக்க மறந்துபோனார். எழுந்தபோது பக்கம் அச்சகத்துக்குப் போய்விட்டது. இதழ் அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தார்.

“நான் வரையுற முகமெல்லாம் காட்டுற மாதிரி இல்லன்னு மையை எடுத்துப் பூசிட்டான்னு நினைச்சேன். பத்தொன்பது வருஷம் அப்படியே நினைச்சுட்டிருந்தேன்.”

மேடையில் ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று மகள் கேட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டாள்.

“என்னன்னு சொல்றது? எனக்கு வரலைன்னா? அவன் கெடுத்ததுக்குக் கைதட்டுறீங்கன்னா? ரெண்டும் வாய்ல வரல. நன்றி மட்டும் வந்துச்சு.”

பாவம் டாக்டர்தான். அவருக்கு முன்னால் ஒன்பது பக்க முன்னுரை கிடந்தது. அதில் நாலு பக்கம் ஒரு துணிச்சலைப் பற்றியது.

“அப்ப நான் எழுதினதெல்லாம் தப்பா, சார்?”

“எழுதினது சரிதான், டாக்டர். விலாசம்தான் தப்பு.”

டாக்டர் கிளினிக்குக்கு போன் செய்தார். மரத்துப்போன தாடையோடு ஒருவர் காத்திருக்கிறாராம். மரப்பு தெளிந்தால் மறுபடி ஊசி போடச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் ஒரு பேனா வாங்கிக்கொண்டு உட்கார்ந்து திருத்தினார். முழங்காலும் தோளும் பற்களும் அப்படியே இருந்தன. சிறகைப் பற்றிய பத்தியில் அண்ணன் இருந்த இடத்தில் தம்பியைப் போட்டார். முகத்தைப் பற்றிய இடத்துக்கு வந்ததும் பேனா வெகுநேரம் நகரவில்லை. கடைசியில் துணிச்சல் என்ற சொல்லை அடித்துவிட்டுப் பரிவு என்று எழுதினார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மகளிடம் ஒன்று சொன்னார். பள்ளிக்கூட நாளில் அந்தக் கறுப்புக்குள் பொருந்துகிற முகத்தை அவரும் வரைந்து பார்த்தாராம். இரண்டு நோட்டு தீர்ந்ததாம். ஒன்றும் பொருந்தவில்லை.

“அதுக்கப்புறம்தான் பல் டாக்டர் ஆனேன்,” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

*

மூன்றரை மணிக்கு அப்பா பென்சில் கேட்டார். காலியாக இருந்த அரைப் பக்கத்துக்கு ஒரு தாளில் எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லை.

‘இந்த முகத்தைப் பதினொரு முறை வரைந்தேன், பதினொரு முறை அழித்தேன். என்னால் முடியவில்லை. மீதியை என் தம்பி பார்த்துக்கொண்டான்.’

அட்டை ப்ரூஃபிலும் கையெழுத்துப் போட்டார். மகள் இரண்டாவது பெயரைச் சேர்த்திருந்தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே தடிமன். அவர் அளவுகோல் எடுத்து அளந்து பார்ப்பார் என்று எதிர்பார்த்தாள். பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். மேலே போய் வா என்று கையால் காட்டினார்.

சித்தப்பா முதலில் கோபப்பட்டார். உளறாதே என்று சொன்னேனே என்றார். பிறகு தாளை வாங்கிக் கண்ணாடிக் குப்பி இல்லாமலே படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

“முடியவில்லைங்கிற வார்த்தையை எடுக்கச் சொல்லு. எடுத்தா போடுறேன்.”

நான்கு மணி பத்து. மகள் கீழே வந்தாள். அந்த வார்த்தை இல்லாவிட்டால் மற்ற வார்த்தைகளும் வேண்டாம் என்றார் அப்பா. மேலே போனாள். நானூறு பக்கம் வரைந்த மனுஷன் முடியவில்லை என்று அச்சில் போட்டுக்கொள்வதா, தன் கையெழுத்தோடு அது வெளியே போகாது என்றார் சித்தப்பா. கீழே வந்தாள். கையெழுத்து அவனுடையது, எழுத்து என்னுடையது, அவனவன் வேலையை அவனவன் பார்க்கட்டும் என்றார் அப்பா.

நான்கு முப்பத்தைந்து. மகளுக்கு மூச்சு வாங்கியது. அடுத்த நடை அம்மாவைப் போகச் சொல்லிக் கேட்டாள்.

“நான் மாட்டேன்,” என்றாள் அம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும்விட்டாள். “ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டிக்கிட்டப்ப ஏறி இறங்கினேன். இப்ப ஒருத்தரை ஒருத்தர் தூக்கி வைக்கிறதுக்கும் நான்தான் ஏறணுமா? வேணும்கிறவங்க வாயைத் திறக்கட்டும்.”

சத்தமாகவே சொன்னாள். மாடிக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

மேலே நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. படிக்கட்டின் மேல் முனையில் சித்தப்பாவின் வெறும் பாதம் இரண்டும் தெரிந்தன. அதற்கு மேல் தெரியவில்லை.

“அண்ணா.”

அப்பா அசையவில்லை. கை மட்டும் நாற்காலிப் பிடியை இறுக்கியது.

“அந்த ஒரு வார்த்தை வேண்டாம், அண்ணா.”

அப்பா இரண்டு தடவை செருமினார்.

“இருந்துட்டுப் போகட்டும்.”

“வராம போனது என்னாலதானே. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா வந்திருக்கும்.”

“உன் வாய்க்கும் என் கைக்கும் என்னடா சம்பந்தம்? நீ சொன்னது நெசம். எல்லாம் ஒரே முகமாத்தான் வந்துச்சு.”

“இல்ல, அண்ணா. அறுபதாவது பக்கத்துல அந்தப் படகுக்காரன் முகம் எப்படிப்பட்டது? அதுக்கு மை போடப் பயந்து ரெண்டு நாள் வச்சிருந்தேன், தெரியுமா?”

“தெரியும். ஏன் லேட்டுன்னு அப்பவே திட்டினேன்.”

“திட்டினீங்க. ஆனா ஏன்னு கேட்கல.”

மகள் மறுபடி ஏறத் தொடங்கிப் படிக்கட்டின் நடுவில் நின்றிருந்தாள், ஒரு கையில் ப்ரூஃப், ஒரு கையில் பேனா. பாதி கையெழுத்து வந்த தாள். மேலே ஏறுவதா, கீழே இறங்குவதா என்று தெரியவில்லை. கால் வலித்தது. அங்கேயே உட்கார்ந்தாள்.

கைப்பேசி அடித்தது. அச்சகத்து போர்மேன். மணி நாலு ஐம்பது, அட்டை ஒரு பெயரா இரண்டு பெயரா, சொன்னால் மெஷினில் ஏற்றிவிடலாம், பையன்கள் காத்திருக்கிறார்கள் என்றார்.

அவள் தலைக்கு மேலே ஒரு குரல், காலுக்குக் கீழே ஒரு குரல். படகுக்காரனின் மூக்கைப் பற்றி வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கையெழுத்தைப் பற்றி இருவருக்கும் நினைவே இல்லை.

“இன்னும் பத்து நிமிஷம் கொடுங்க,” என்றாள்.

“என்னம்மா ஆச்சு?”

“பேசிட்டிருக்காங்க.”

“யாரு?”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, இரண்டு குரலும் அவருக்குக் கேட்கும்படி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.